இளகும் மண், இறுகும் மரம்

மடகாஸ்கரின் தலைநகர் அந்தனானரிவோவிலிருந்து தென்மேற்குக் கடற்கரையில் உள்ள துலியார் வரை ஒரு நெடுஞ்சாலை போகிறது. தேசிய நெடுஞ்சாலை 7. மொத்த நீளம் 900 கிலோமீட்டருக்கும் அதிகம். அதன் முதல் பாதி தீவின் நடு மேட்டு நிலத்திலேயே ஏறி இறங்குகிறது. அந்தனானரிவோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,280 மீட்டர் உயரம். அன்ட்சிராபே 1,500 மீட்டர். வெப்பமண்டலத் தீவு என்றதும் தென்னையும் கடற்கரையும் நினைவுக்கு வரும். இங்கே ஜூலை மாத விடியலில் கம்பளி போர்த்திய ஆட்கள் மாட்டு வண்டியை ஓட்டிப் போவார்கள்.

கூரைமேல் மூட்டை முடிச்சு, சைக்கிள், கோழிக்கூடை என்று ஏற்றிக்கொண்டு போகும் வேனுக்கு அங்கே டாக்சி-ப்ரூஸ் என்று பெயர். அதில் போனால் ஓர் ஊருக்கு ஒரு தொழில் என்று பார்த்துக்கொண்டே தெற்கே இறங்கலாம். ஓர் ஊரில் அலுமினியப் பாத்திரம், அடுத்த ஊரில் மாட்டுக்கொம்பு, அதற்கடுத்ததில் மரம், கடைசியில் காகிதமும் பட்டும். பயணக் கையேடுகள் இவற்றை நினைவுப் பொருள் வாங்கும் இடங்களாகப் பட்டியலிட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. இந்த ஊர்களின் கைவினைஞர்கள் எல்லோரும் அடிப்படையில் ஒரே கேள்விக்குத்தான் விடை கண்டிருக்கிறார்கள்: ஒரு பொருள் எப்போது இளகும், எப்போது இறுகும்? பொருளறிவியலின் மையக் கேள்வியும் அதுவே.

முதல் விடையைத் தந்தது மண். சாலையின் இரு பக்கமும் ரத்தச் சிவப்பில் மண் விரிந்து கிடக்கிறது. அடியில் இருப்பது மிகப் பழைய கருங்கல் வகைப் பாறை. ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரே நிலமாக ஒட்டிக்கொண்டிருந்தன; தமிழ்நாட்டின் பாறைத் தொகுதிகளுக்கும் தென் மடகாஸ்கரின் பாறைகளுக்கும் உள்ள உறவை நிலவியலாளர்கள் இன்றும் ஆராய்ந்து வருகிறார்கள். இந்தப் பாறைமீது வெயிலும் மழையும் காலங்காலமாக வேலை செய்தால், கரையக்கூடிய சுண்ணாம்பு, சோடியம், பொட்டாசியம் எல்லாம் நீரோடு போய்விடும். மணலின் மூலமான சிலிக்காவிலும் ஒரு பங்கு போகும். கரையாமல் தங்குபவை இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும் களிமண்ணும். சிவப்பு நிறம் அந்த இரும்பினுடையது.

இந்த வகை மண்ணுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ஈரத்தோடு தோண்டும்போது மண்வெட்டிக்கு இணங்கும். வெளிக்காற்றில் காய்ந்துவிட்டால் கல்லாக நிற்கும். பிரான்சிஸ் புகானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மலபாரின் அங்காடிப்புரத்தில் மக்கள் இதை வெட்டிக் காயவைத்து வீடு கட்டுவதைப் பார்த்து, 1807-இல் வெளியான தன் நூலில் எழுதிவைத்தார். அதிலிருந்தே லேட்டரைட் என்ற பெயர் நிலவியலுக்குள் வந்தது. நம் ஊர்ப் பக்கம் செம்புறாங்கல் என்போமே, அதே குடும்பம்.

மடகாஸ்கர் மேட்டு நிலத்தில் இந்த இறுக்கம் மேலே ஒன்றிரண்டு மீட்டர் வரைதான். அதன் கீழே பாறை மக்கிப்போன பொடிமண் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு இருக்கிறது. மேலோடு எங்காவது உடைந்தால் போதும். நிலத்தடி நீர் அடிமண்ணைக் கரைத்து இழுக்க, மேலே உள்ள கெட்டி ஓடு தாங்கலில்லாமல் இடிந்து விழுகிறது. குன்றின் சரிவில், மேலே அகன்றும் கீழே குறுகியும், ஒரு பெரிய கண்ணீர்த் துளி வடிவத்தில் பள்ளம் உண்டாகிறது. அங்கே இதன் பெயர் லவாகா. ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர் எண்ணி முடியாத அளவுக்கு லவாகாக்கள் வரும். காட்டை அழித்ததால் வந்த வினை என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஆனால் மனிதர் வருவதற்கு முன்பும் இங்கே லவாகாக்கள் உண்டாகியிருக்கின்றன என்பதற்குச் சான்றுகள் உள்ளன. கடந்த ஓராயிரம் ஆண்டுகளில் அவை பெருகின என்பதும் உண்மை. மேட்டு நிலத்துப் புல்வெளி முழுக்கவே மனிதன் எரித்து உண்டாக்கியது என்ற கருத்தும் இப்போது தளர்ந்துவிட்டது. மடகாஸ்கரின் புல் இனங்களில் 40 விழுக்காட்டுக்குப் பக்கம் உலகில் வேறெங்கும் இல்லாதவை. நேற்று முளைத்த புல்வெளியில் அத்தனை தனி இனங்கள் பிறந்திருக்க முடியாது.

லவாகாவிலிருந்து கழுவி வந்த மண் பள்ளத்தாக்கில் படிந்து நெல்வயலாகிறது. அறுவடை முடிந்ததும் அதே வயலின் களிமண்ணை வெட்டி, அச்சில் அறுத்து, வயலிலேயே சூளை போடுகிறார்கள். எரிபொருளாக நெல் உமியும் சேரும். சூளையின் சூடு 500, 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது களிமண்ணின் படிகத்துக்குள்ளேயே பிணைந்திருந்த நீர் பிரிந்து வெளியேறிவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது சேறாகத் திரும்பாது. மேட்டு நிலத்தின் ஒடுங்கிய இரண்டுமாடிச் சிவப்பு வீடுகள் இந்தச் செங்கல்லில் நிற்கின்றன. ஆனால் அந்தனானரிவோ நகருக்குள் 1860களின் இறுதிவரை உயிரோடிருப்பவர்கள் கல்லிலோ செங்கல்லிலோ வீடு கட்டத் தடை இருந்தது. கல் இறந்தவர்களுக்கு, மரம் இருப்பவர்களுக்கு. அரண்மனையே 1839-இல் மரத்தால் கட்டத் தொடங்கியதுதான்; பின்னால் அதைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பினார்கள். 1995 நவம்பரில் தீப்பிடித்தபோது உள்ளே இருந்த மர அரண்மனை சாம்பலாகி, கற்கூடு மட்டும் எஞ்சியது.

தலைநகரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் அம்பத்தோலாம்பி. சாலையோரம் அடுக்கி வைத்த அலுமினியக் குண்டான்கள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். மடகாஸ்கரின் பல அடுப்படிகளில் சோறு வேகும் பாத்திரம் இந்த ஊர்ப் பட்டறைகளில் பிறந்தது. எந்திரம் என்று சொல்ல ஏதுமில்லை. ஒரு கரி உலை, காற்று ஊதும் சக்கரம், மரச் சட்டங்கள், சலித்த மண், கரித்தூள்.

மாதிரி என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒரு பழைய குண்டானே மாதிரி. அதைக் கவிழ்த்து வைத்து, உள்ளும் புறமும் ஈர மண்ணைத் திணித்துக் காலாலும் கட்டையாலும் இறுக்குகிறார்கள். பிறகு மேற்சட்டத்தை மெல்லத் தூக்கி, குண்டானை உருவி எடுத்துவிட்டு, சட்டத்தைப் பழைய இடத்திலேயே வைக்கிறார்கள். இப்போது உள்மண்ணுக்கும் வெளிமண்ணுக்கும் நடுவில் சரியாக ஒரு குண்டானின் கனத்துக்கு வெற்றிடம் இருக்கிறது. அந்த வெற்றிடத்துக்குள் உருகிய அலுமினியத்தை ஊற்றுகிறார்கள். பலர் வெறுங்காலோடு நின்றுதான் இதைச் செய்கிறார்கள். அந்த உலோகத்தின் சூடு 660 டிகிரிக்கு மேல்.

அத்தனை சூட்டைத் தாங்கி, மில்லிமீட்டர் கணக்கில் வடிவம் பிசகாமல் அந்த மண் நிற்பது எப்படி? மணல் மட்டும் இருந்தால் உதிர்ந்துவிடும். களிமண் மட்டும் இருந்தால் இன்னும் ஆபத்து: சூடு பட்டதும் உள்ளே எழும் நீராவி வெளியே போக வழியில்லாமல் உலோகத்தைத் தெறிக்கவிடும். மணல் துகள்களைக் களிமண்ணின் நுண்தகடுகள் ஈரத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். துகள்களுக்கு நடுவே ஆவி தப்பிக்க இடைவெளியும் இருக்க வேண்டும். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் இறுக்கி, இரண்டாக உடைத்துப் பார்த்தாலே பட்டறைக்காரருக்கு ஈரத்தின் அளவு தெரிந்துவிடும். விளிம்பு கூராக உடைந்தால் சரி. பிசைந்த மாவாக நீண்டால் தண்ணீர் அதிகம். கரித்தூளுக்கும் வேலை உண்டு. சூட்டில் அதிலிருந்து எழும் வாயுப் படலம் உலோகம் மண்ணோடு ஒட்டாமல் காக்கிறது. சில நிமிடங்களில் சட்டத்தைப் பிரித்து மண்ணை உடைத்தால் குண்டான் வெளியே வரும். அரத்தால் பிசிறு தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது. மண் அடுத்த குண்டானுக்கு.

அலுமினியம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இவர்கள் மிதித்து நிற்கும் சிவப்பு மண்ணிலேயே அலுமினியம் இருக்கிறது. ஆனால் ஆக்சிஜனின் பிடியிலிருந்து அதைப் பிரிக்க ஒரு கிலோவுக்கு 13 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் தேவை. ஒருமுறை பிரித்துவிட்ட அலுமினியத்தை மறுபடி உருக்கவோ அந்த ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு போதும். அதனால்தான் உடைந்த எஞ்சின் பாகங்களும் பழைய வண்டிச் சாமான்களும் வாங்கி உருக்குகிறார்கள். கரி உலையால் முடிகிற வேலை அது. இதில் ஒரு கவலையும் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இப்படிக் கழிவு உலோகத்தில் வார்த்த பாத்திரங்களைச் சோதித்த ஆய்வுகள், சிலவற்றிலிருந்து ஈயம் கசிவதைக் கண்டிருக்கின்றன. புளிப்பான சமையலில் கசிவு கூடும். கைத்திறனைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும். உலைக்குள் போகும் பழைய உலோகத்தில் ஈயம் கலந்திருக்கிறதா என்று பிரித்தறியும் வசதி அந்தப் பட்டறைகளுக்குக் கிடைத்தாக வேண்டும்.

அடுத்து அன்ட்சிராபே. 1872-இல் நார்வே நாட்டு மதப் பணியாளர்கள் நிறுவிய வெந்நீரூற்று ஊர். ஆள் இழுக்கும் ரிக்‌ஷா இன்னும் ஓடும் ஊர். இங்கே மாட்டுக்கொம்பில் கரண்டி, சீப்பு, கிண்ணம் செய்கிறார்கள். மடகாஸ்கரின் மாடு திமிலுள்ள மாடு. சிந்துவெளிப் பக்கம் முதலில் வளர்ப்பு விலங்கான இனம். காங்கேயம் காளைக்கும் அதற்கும் மூதாதை ஒன்றே. கொம்பு என்று நாம் பார்ப்பது எலும்பின் மேல் மாட்டிய உறை. எலும்பை நீக்கிவிட்டு, உறையை நெருப்பில் வாட்டுகிறார்கள். அது கெராட்டின் என்ற புரதம். நகமும் முடியும் அதனால் ஆனவையே. ஈரத் தலைமுடியைச் சுருட்டிக் காயவைத்தால் சுருள் நிற்கிறதல்லவா, அதே வேதியியல்தான் இங்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் புரத இழைகளுக்கிடையே உள்ள மெல்லிய பிணைப்புகள் அவிழ்கின்றன. அப்போது அழுத்தித் தட்டையாக்கலாம், வளைக்கலாம். ஆறும்போது அதே பிணைப்புகள் புதிய இடத்தில் பூட்டிக்கொள்கின்றன. சூடு கொஞ்சம் கூடினால் கருகும், குறைந்தால் பிளக்கும். பிறகு அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, துணிச் சக்கரத்தில் மெருகேற்றினால் கொம்பின் படலங்கள் வழியே ஒளி ஊடுருவத் தொடங்கும்.

அன்ட்சிராபேயைக் கடப்பதற்கு முன் தமிழ் உழவர்கள் அறிய வேண்டிய ஒரு செய்தி. ஆன்ரி த லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1961-இல் மடகாஸ்கர் வந்து, பின்னாளில் இந்த ஊரில் வேளாண் பள்ளி ஒன்றை நடத்தினார். 1983-இல் மழை பொய்த்ததால், 15 நாளே ஆன நாற்றைப் பிடுங்கி ஒவ்வொன்றாக விலக்கி நட வேண்டியதாயிற்று. தேறாது என்று நினைத்த பயிர் தூர் வெடித்துச் செழித்தது. இளநாற்று தூர் கட்டும் திறனை இழக்கும் முன்பே இடம் மாறுகிறது. தண்ணீர் தேங்காத மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்கிறது. அந்த முறையே நம்மிடம் ஒற்றை நாற்று நடவு, திருந்திய நெல் சாகுபடி என்று வந்து சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டித் தமிழக அரசு அதற்கு ராஜராஜன் 1000 என்று பெயரிட்டது. காவிரிப் படுகையில் கோனோவீடர் களைக்கருவி தள்ளியவர்கள் பலருக்கு, அந்த நடவின் தாய்வீடு இந்தக் குளிர்ந்த மேட்டு நிலம் என்பது தெரிந்திருக்காது.

தலைநகரிலிருந்து 260 கிலோமீட்டர் அளவில் அம்போசித்ரா. மரவேலைக்குப் பெயர்போன ஊர். கடைகளில் இழைப்புப் பெட்டிகளும் பொம்மைகளும் நிறைந்திருக்கும். ஆனால் இந்தக் கலையின் ஊற்று கிழக்கே, மலைக்காட்டு விளிம்பில் இருக்கிறது. அன்தோயெத்ரா வரை கரடுமுரடான வண்டிப்பாதை, அதற்கப்பால் நடை. மூடுபனியும் வழுக்கும் செம்மண் ஒற்றையடிப் பாதையும் தாண்டினால் ஸஃபிமனிரி மக்களின் கிராமங்கள். மேட்டு நிலத்தின் காடுகள் அழிந்துகொண்டிருந்த 18-ஆம் நூற்றாண்டில், மரம் இருக்கும் இடம் தேடி இவர்கள் இந்த ஈரக்காட்டுக்குள் வந்தார்கள். இவர்களது மரவேலை அறிவை யுனெஸ்கோ 2003-இல் மானுடப் பாரம்பரியமாக அறிவித்து, 2008-இல் தன் பட்டியலில் சேர்த்தது.

ஏறக்குறைய 20 மர வகைகளை இவர்கள் பயன்படுத்துகிறார்கள். நடுத்தூணுக்கு ஒன்று, சுவர்ப் பலகைக்கு ஒன்று, தேன் கலயத்துக்கு ஒன்று, நாற்காலிக்கு ஒன்று. வீட்டில் ஓர் ஆணியோ கீலோ கிடையாது. துளையும் கழுந்துமாக மரத்தை மரமே கவ்வுகிறது. கதவும் மரக்குமிழில் சுழல்கிறது. ஆண்டில் பெரும்பகுதி நனைந்து கிடக்கும் மலையில் இது மிகவும் அறிவான ஏற்பாடு. இரும்பாணி துருப்பிடித்துத் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் அரிக்கும். மரமோ ஈரத்தில் குறுக்குவாட்டில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கழுந்து மூட்டு அந்த அசைவுக்கு இடம்கொடுத்தபடியே பிடித்து நிற்கும்.

மானிடவியலாளர் மோரிஸ் பிளாக் இந்த மக்களிடையே நீண்ட காலம் ஆய்வு செய்தவர். இங்கே வீடும் திருமணமும் சேர்ந்தே வளர்கின்றன என்று அவர் எழுதியிருக்கிறார். இளம் தம்பதியின் வீடு மூன்று கற்கள் வைத்த அடுப்போடும் நடுத்தூணோடும் தொடங்கும். சுவர் வெறும் மூங்கில் தட்டி. உள்ளே பேசுவது வெளியே கேட்கும், விளக்கொளி கசியும். பிள்ளைகள் பிறக்கப் பிறக்க, ஆண்டுகள் போகப் போக, தட்டியை எடுத்துவிட்டு வைரம் பாய்ந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்துவார்கள். வீட்டுக்கு எலும்பு பிடிக்கிறது என்பது அவர்கள் பேச்சு. தம்பதி இறந்த பிறகும் வீடு நிற்கும்; பேரன் பேத்திகள் ஆசி கேட்டு அந்த வீட்டுக்கு வருவார்கள்.

வைரம் பாய்வது என்பது மரத்துக்குள் நடக்கும் ஒரு திட்டமிட்ட சாவு. தண்டின் வெளிவட்டத்தில் உள்ள இளமரம்தான் வேரிலிருந்து நீரை மேலே ஏற்றுகிறது. வட்டங்கள் கூடக்கூட, உட்புறச் செல்கள் தங்கள் மாவுச்சத்தை எல்லாம் பிசினாகவும் துவர்ப்புப் பொருள்களாகவும் மாற்றிச் சுற்றுப்புறத்தில் நிரப்பிவிட்டு மடிகின்றன. நீர்க்குழாய்கள் அடைபடுகின்றன. பூஞ்சைக்கும் கரையானுக்கும் அங்கே உணவும் இல்லை, நுழைய எளிய வழியும் இல்லை. உயிருள்ள பகுதி மென்மையாக இருந்து, இறந்த பகுதி உறுதியாகி, மரத்தைத் தாங்குகிறது. முன்னோரின் வீடு உறுதியாகிக்கொண்டே போய்ச் சந்ததியைத் தாங்கும் என்று நம்பும் ஒரு சமூகம், அந்த நம்பிக்கையை மரத்தின் குறுக்குவெட்டிலேயே படித்திருக்கிறது.

பலகைகளிலும் ஜன்னல்களிலும் சிலந்தி வலை, தேனடை போன்ற வடிவங்களை நெருக்கமாகச் செதுக்குகிறார்கள். இவற்றுக்கு என்ன பொருள் என்று பிளாக் பலமுறை கேட்டும், பொருள் ஒன்றுமில்லை, மரத்தைச் சிறப்பிக்கச் செய்கிறோம் என்ற பதில்தான் வந்தது. என்னைக் கேட்டால், ஒவ்வொரு கோட்டுக்கும் தத்துவம் எழுதும் கையேடுகளைவிட அந்தப் பதில் மேலானது. இன்று அந்த மரங்கள் அருகிவிட்டன. செதுக்குபவர்கள் வெகுதூரம் நடந்து மரம் தேடுகிறார்கள். 20 வகை மரத்தின் குணத்தை அறிந்திருக்கும் அறிவு, அந்த மரங்கள் நிற்கும் காடு இருக்கும்வரை மட்டுமே கைக்கு வரும்.

ஃபியனாரந்த்சோவாவைத் தாண்டினால் அம்பலவாவோ. இங்கே அன்தைமோரோ காகிதம் செய்கிறார்கள். தென்கிழக்குக் கடற்கரை அன்தைமோரோ மக்கள் அரபு எழுத்தில் மலகாசி மொழியை எழுதிவைக்கப் பயன்படுத்திய காகிதம் அது. அவோஹா மரப்பட்டையை மணிக்கணக்கில் வேகவைத்து, மரச் சுத்தியலால் அடித்துக் கூழாக்கி, தண்ணீரில் மிதக்கும் துணிச் சட்டத்தில் கையால் பரப்புகிறார்கள். ஈரம் இருக்கும்போதே பூவிதழ்களை வைத்து, மேலே கொஞ்சம் கூழ் தெளித்து வெயிலில் காயவிடுகிறார்கள். பசை எதுவும் வேண்டாம். நீர் வெளியேறும்போது இழைகள் நெருங்கித் தம்மிடையே ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்கின்றன.

இந்த மேட்டு நிலத்தின் பட்டு வேறு கதை. காஞ்சிபுரம் தறியில் ஓடுவது முசுக்கொட்டை இலை தின்று வீட்டில் வளரும் புழுவின் பட்டு. ஒரே இழையாகக் கூட்டைச் சுற்றி எடுக்கலாம். இங்கே உள்ள லன்டிபே, போரோசெரா என்ற காட்டுப் பூச்சியின் பட்டு. அதன் கூட்டில் அரிப்பு உண்டாக்கும் முடிகள் செருகியிருக்கும். ஒரே இழையாக அவிழாது. கூட்டைப் பிளந்து, உள்ளிருக்கும் கூட்டுப்புழுவை எடுத்து (அது நல்ல உணவு), கூட்டைச் சோப்பு நீரில் வேகவைக்கிறார்கள். பட்டு இழையில் இரண்டு புரதங்கள்: உள்ளே ஃபைப்ரோயின், மேலே பசையாக செரிசின். கார வெந்நீரில் செரிசின் கரைந்துபோகும், ஃபைப்ரோயின் அசையாது. இளகிய கூட்டைப் பிரித்துப் பஞ்சாக்கி, கதிரில் கையால் நூற்கிறார்கள். நூல் பருமனாகவும் மங்கிய பழுப்பாகவும் இருக்கும், ஆனால் மிக உறுதியானது.

அந்த உறுதிக்காகவே அது இறந்தவர்களுக்கு உரியதாயிற்று. குளிர்காலத்தில், ஜூலை முதல் செப்டம்பர் வரை, மேட்டு நிலத்துக் குடும்பங்கள் ஃபமதிஹானா என்ற சடங்கில் முன்னோரின் எச்சங்களைக் கல்லறையிலிருந்து எடுத்து, புதிய பட்டுத் துணியில் சுற்றி, ஆடிப்பாடி மறுபடி உள்ளே வைக்கிறார்கள். ஃபைப்ரோயின் மூலக்கூறுகள் அடுக்கடுக்காக நெருங்கிப் படிகமாக நிற்பதால், ஈரக் கல்லறையிலும் அத்துணி எளிதில் மக்காது.

போரோசெரா புழு பெரிதும் நம்பியிருக்கும் மரம் தாப்பியா. உலகில் மடகாஸ்கரில் மட்டுமே வளர்கிறது. வேறு மரங்கள் தங்காத ஏழை மணலிலும் குவார்ட்சைட் சரிவிலும் அது நிற்கிறது. வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகள் மண்ணிலிருந்து மணிச்சத்தைத் திரட்டித் தருகின்றன. தடித்த பட்டை புல்தீயைத் தாங்கும். தீ அடிக்கடி வந்தால் கன்றுகள் பிழைக்காது, மரத்திலிருக்கும் கூடுகளும் கருகும். தீயே வராவிட்டால் வேறு மரங்கள் புகுந்து தாப்பியாவை நெருக்கும். தாப்பியாக் காடுகளை ஒட்டிய கிராமங்களில் இதற்கென்று பழைய கட்டுப்பாடுகள் உள்ளன. பழத்தைக் கிளையிலிருந்து பறிக்கக் கூடாது, கீழே விழுந்ததைத்தான் பொறுக்க வேண்டும். பட்டுக்கூடு குறைந்துபோன இடங்களில் நெசவாளர்கள் தொலைவிலிருந்து வரும் கூட்டை வாங்குகிறார்கள், அல்லது முசுக்கொட்டைப் பட்டைக் கலந்து நெய்கிறார்கள். அம்போசித்ரா, அம்பலவாவோ பக்கம் துணி வாங்குகிறவர்கள் இது லன்டிபேயா, கலப்பா என்று கேட்டு வாங்கலாம். நூலைத் தொட்டாலே நெய்தவர் சொல்லிவிடுவார்.